கற்பூரவள்ளி போட்ட சீஸ் பிரெட்

திருச்சியில் ஒருவர் கையில் பிரெட் பாக்கெட்டோடு தெருவில் நடந்துவந்தால், எதிரே வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி "வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?" என்பதாகத்தான் இருக்கும். அரசு ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் கடைகளில் என்ன அடுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள்: பிரெட், ரஸ்க், ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, பிளாஸ்க். காய்ச்சல் வந்தால் முதலில் கஞ்சி. வாய்க்குக் கொஞ்சம் ருசி திரும்பினால் பாலில் தோய்த்த பிரெட். உடம்பு தேறிய பிறகு ரசம் சாதம். என் அம்மா காலத்திலும் இதுதான் வரிசை, என் மகளுக்கும் இதேதான். பிரெட்டை இப்படி நோயாளியின் தட்டிலேயே உட்காரவைத்துவிட்டதால், அதற்கென்று ஒரு ருசி இருக்க முடியும் என்ற நினைப்பே நமக்கு வராமல் போனது என்பது என் நெடுநாள் ஆதங்கம். சீஸும் இலைகளும் போட்டு வீட்டிலேயே உப்பு பிரெட் சுட ஆரம்பித்த பிறகு அந்த ஆதங்கம் கூடிக்கொண்டேதான் போகிறது.

பேக்கரியில் சால்ட் பிரெட் என்று கேட்டு வாங்கினாலும் நாக்கில் லேசாக ஒரு இனிப்பு தட்டும். சர்க்கரை ஈஸ்ட்டுக்குத் தீனி, மேல்தோலுக்கு நிறம், உள்ளே ஈரத்தைப் பிடித்துவைத்து நாலு நாள் மெத்தென்று இருக்கச் செய்யும் பொருள். கடைக்காரருக்கு அது வேண்டியிருக்கிறது. 1965-ல் மத்திய அரசு மாடர்ன் பேக்கரீஸைத் தொடங்கி, 2000-ல் அதை இந்துஸ்தான் லீவரிடம் விற்றது வரைக்கும், பின்னால் வந்த தனியார் பாக்கெட்டுகளிலும், பிரெட் என்றால் சதுரமாக, வெள்ளையாக, பஞ்சுபோல இருக்க வேண்டும் என்பது மாறவே இல்லை. அதன்மேல் ஜாம் தடவுவோம், பட்டர் தடவுவோம். காரமாகப் போனால் பிரெட் ஆம்லெட். அங்கேயும் ருசி முட்டையுடையது. யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தியிடம் இந்த ஆஸ்பத்திரி பிரெட் கதையைச் சொன்னேன். "உங்களுக்குப் பாண் எண்டால் வருத்தக்காரர் சாப்பாடோ?" என்று நம்பாமல் கேட்டாள். அவர்கள் வீட்டில் காலையிலும் இரவிலும் பாண்தான். சம்பல், சொதி, பருப்பு, மீன்குழம்பு எல்லாவற்றோடும் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் அந்தப் பழக்கம் வந்து சேரவில்லை.

1996-ல் பெரிய பிட்சா சங்கிலிக் கடைகள் இந்தியாவுக்குள் வந்தன. கூடவே வந்தது அந்தச் சின்ன பொட்டலம். ஒன்றில் மிளகாய்ச் செதில், இன்னொன்றில் ஆரிகானோ. அதற்குப் பிறகு வளர்ந்த தலைமுறைக்கு சீஸ் என்றால் ஆரிகானோ, ஆரிகானோ என்றால் பிட்சா. இப்போது நம் ஊர் கஃபேக்களில் ஹெர்ப் பிரெட், கார்லிக் பிரெட், சீஸ் பன் என்று எதைக் கேட்டாலும் ஒரே வாசம்தான் வருகிறது. எந்த ஊரிலோ காய்ந்து, எப்போது பொடித்தது என்று தெரியாத ஒரு தூள். ஆரிகானோ காய்ந்தாலும் மணம் காக்கும் இலைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூடவே கலந்துவரும் பேஸிலும் பார்ஸ்லியும் காய்ந்ததும் வெறும் வைக்கோல். பச்சை நிறம் தெரிகிறது, வேறொன்றும் இல்லை. வீட்டில் மெனக்கெட்டு ஒரு முழு நாள் மாவைப் புளிக்கவைத்து, நல்ல சீஸ் தேடி வாங்கி, கடைசியில் அந்தத் தூளைத் தூவி எல்லாவற்றையும் பிட்சா கடை வாசத்துக்குள் கொண்டுபோய் அடைப்பது எனக்கு ஒப்பவில்லை. இந்த ஒப்பாமைதான் ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது.

வெயிலில் மாவு

இலைக்கு வருவதற்கு முன் மாவையும் சீஸையும் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டுச் செய்முறைகளில் அறை வெப்பநிலை என்று போட்டிருந்தால் அது 21, 22 டிகிரி செல்சியஸ். சித்திரை மாதத்தில் எங்கள் சமையலறையில் 34, 35 டிகிரி. அவர்கள் சொல்கிற அளவு ஈஸ்ட்டைப் போட்டால் மாவு ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு மடங்காகப் பொங்கி நிற்கும். பார்க்க அழகாக இருக்கும், சுட்டால் ருசி இருக்காது. வெயில் காலத்தில் இட்லி மாவு எப்படி அவசரமாகப் பொங்கிப் புளித்துப்போகிறதோ, அதே கதைதான். பிரெட் மாவுக்கு ருசி தருவது நேரம். நம் ஊரில் அந்த நேரத்தை வாங்கித்தருவது ஃபிரிட்ஜ். ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்து, ஐஸ் போலக் குளிர்ந்த தண்ணீரில் மாவு பிசைந்து, ஒரு ராத்திரி முழுக்க 4, 5 டிகிரியில் வைத்துவிட்டால் ஈஸ்ட் அடங்கி மெதுவாக வேலை செய்யும். மாவிலேயே இருக்கும் நொதிகள் ஸ்டார்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக உடைத்துக்கொண்டிருக்கும். மறுநாள் ஒரு ஸ்பூன் சர்க்கரைகூடச் சேர்க்காமல் மேல்தோல் கருஞ்சிவப்பாக வரும். உப்பு பிரெட் உண்மையிலேயே உப்பு பிரெட்டாக இருப்பது இப்படித்தான்.

மைதா பற்றி இன்னொன்று. நம் மளிகைக் கடை மைதாவில் புரதம் பெரும்பாலும் 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்து, 11-க்கு மேல் இருப்பதை எடுத்துக்கொள்வது நல்லது. வலு குறைந்த மாவை நிமிர்த்திவைக்கத்தான் பேக்கரிகள் பொட்டாசியம் புரோமேட்டைச் சேர்த்துவந்தன. 2016-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்குத் தடை போட்டது. வீட்டில் அந்த வேலையைக் கைகளே செய்துவிடும். மாவைக் கலந்துவைத்து, அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஈரக்கையால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்து மேலே மடிக்க வேண்டும். பாத்திரத்தைத் திருப்பி அடுத்த ஓரம். முதல் மடிப்பில் மாவு பிய்ந்து வரும், கையில் ஒட்டும். மூன்றாவது மடிப்புக்கு வரும்போது அது வழுவழுப்பாகி, இழுத்தால் ஜவ்வாக நீண்டு, விட்டால் தானே சுருங்கும். அழுத்திப் பிசையவே வேண்டாம். தோள்பட்டை வலியோடு இருக்கும் என் வயதுக்காரிகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

சீஸ்

"பனீர் போட்டா என்ன?" என்று கேட்காதவர்களே இல்லை. தாராளமாகப் போடலாம், ஆனால் உருகாது. பனீர் எலுமிச்சையோ வினிகரோ ஊற்றித் திரித்தது. அந்தப் புளிப்பு பால் புரதத்தைப் பிணைத்திருக்கும் கால்சியத்தைக் கரைத்து வெளியேற்றிவிடுகிறது. செடார் போன்ற சீஸ்கள் ரென்னெட் நொதியால் உறையவைத்தவை. அவற்றில் கால்சியம் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் சூட்டில் இளகி, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உருகும். பனீர் வெந்து இறுகத்தான் செய்யும். பிரெட்டுக்குள் அது துண்டு துண்டாக நிற்கும், மாவோடு சேராது.

நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் கட்டியாகவும் க்யூபாகவும் வரும் பிராசஸ்டு சீஸ். 1911-ல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் சோடியம் சிட்ரேட் சேர்த்துச் சீஸை உருக்கி, சூட்டில் கொழுப்பு பிரியாமல், சீக்கிரம் கெடாமல் இருக்கும்படி செய்தார்கள். நம்மைப் போன்ற வெப்பமான நாடுகளுக்கு அது தோதான பொருள்தான். தோசைமேல் துருவிப் போட, சாண்ட்விச்சுக்கு, நான் இன்றைக்கும் அதைத்தான் எடுக்கிறேன். ஆனால் பிரெட் மாவுக்குள் வைத்துச் சுட்டால் உப்பை மட்டும் விட்டுவிட்டு ஆள் காணாமல் போய்விடுகிறது. சீஸின் ருசி நாள்பட நாள்பட வருவது. மாதக்கணக்கில் வைத்திருக்கும்போது புரதம் உடைந்து அமினோ அமிலங்களாகிறது. ரசத்திலும் மீன்குழம்பிலும் நாம் தேடுகிற அந்த அடிநாக்கு ருசியைத் தருவதும் அதுதான். பார்மெசானுக்குக் குறைந்தது 12 மாதம். செடார் ஆறு மாதம் இருந்தாலே போதும், சுட்ட பிறகும் தன் குரலை விடாது. விலை கூடத்தான். கொடைக்கானல், குன்னூர், ஆரோவில் பக்கம் போகிறவர்களிடம் எனக்கொரு கட்டி வாங்கிவரச் சொல்லி வைத்திருப்பேன். அரைக் கிலோ மாவுக்கு 150 கிராம் போதும். அதில் 100 கிராமை விரல்நுனி அளவு சதுரமாக வெட்டிக்கொள்வேன். எல்லாவற்றையும் துருவிப் போட்டால் கொழுப்பு மாவின் இழைகளில் பூசிக்கொண்டு பிரெட் எழும்பாமல் போகும். சதுரங்களாகப் போட்டால் அங்கங்கே குழிவிழுந்து, வெட்டும்போது ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று மஞ்சள் பொந்துகள் தெரியும். மீதி 50 கிராமைத் துருவி மேலே தூவுவேன். அது டின்னின் விளிம்பில் வழிந்து, தகரத்தில் ஒட்டிக் கருகருவென்று முறுகி நிற்கும். பிரெட் ஆறுவதற்குள் அதைச் சுரண்டித் தின்பதற்கு வீட்டில் போட்டி.

பெரியம்மாவின் மூக்கு

பெரியம்மா எங்கள் கீழ்வீட்டில் இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது. கண் கொஞ்சம் மங்கல், காது பரவாயில்லை, மூக்கு மட்டும் இருபது வயசு. சாம்பாரில் பெருங்காயம் போடும் முன்பா பின்பா என்பதை மாடிப்படியில் நின்றே சொல்லிவிடுவார். அன்றைக்கு நான் சமையல் மேடையில் ஆரிகானோ ஜாடியைத் திறந்து, உள்ளங்கையில் கொட்டி, மணம் எழும்ப இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டிருந்தேன். மோருக்கு உறை கேட்டு வந்த பெரியம்மா வாசலிலேயே நின்றார்.

"யாருக்குடி சளி?"

"யாருக்கும் இல்லையே பெரியம்மா."

"அப்புறம் எதுக்குக் கற்பூரவள்ளியக் கசக்கிட்டிருக்க?"

நான் கையை விரித்துக் காட்டினேன். காய்ந்த தூளைப் பார்த்தார், என் மணிக்கட்டைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார். "இது கற்பூரவள்ளிதான். காயவெச்சிருக்கான். எவ்வளவு குடுத்து வாங்கின?" விலையைச் சொன்னேன். பதில் பேசாமல் கீழே போனவர், துளசி மாடத்துக்குப் பக்கத்துத் தொட்டியிலிருந்து இரண்டு இலையைக் கிள்ளிக்கொண்டு வந்தார்.

அந்த இலை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் அதை அன்றைக்குத்தான் சமையல்காரியின் கண்ணால் பார்த்தேன். நல்ல கனம். நுனிவிரலால் தடவினால் பூனைமுடி போல மெல்லிய ரோமம். ஓரமெல்லாம் சின்னச் சின்ன வளைவு. ஒடித்தால் பச்சை வெள்ளரியை ஒடிக்கும்போது வரும் சத்தம், உடனே தண்ணீர் கசியும். ஒரு கையில் ஆரிகானோவையும் இன்னொரு கையில் கசக்கிய இலையையும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி முகர்ந்தேன். முகர முகர வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு இரண்டையும் மென்று பார்த்தேன். தூள் முதலில் கசந்தது. இலை முதலில் வெறும் தண்ணீராக இருந்தது. சில நொடிகளில் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன: நாக்கின் நடுவில் ஒரு சூடு, அது நுனிக்குப் போகும்போது ஒரு மரமரப்பு. பெரியம்மா அஞ்சறைப்பெட்டியைத் திறந்து நாலு ஓமத்தையும் என் கையில் போட்டார். "இதையும் மென்னு." அதே சூடு, அதே மரமரப்பு.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கற்பூரவள்ளியின் எண்ணெயில் முக்கியமாக இருப்பவை கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு. செடிக்குச் செடி, ஊருக்கு ஊர் ஒன்று கூடும், ஒன்று குறையும். ஆரிகானோவின் மணம் பெரும்பாலும் கார்வக்ரால். தைம் செடியிலும் நம் ஓமத்திலும் இருப்பது தைமால். கற்பூரவள்ளி, ஆரிகானோ, தைம், ரோஸ்மேரி, பேஸில், புதினா, துளசி எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். ஓமம் வேறு குடும்பம், கொத்தமல்லி, சீரகத்தின் உறவு. ஆனாலும் அதே பொருளைத் தன் விதைக்குள் செய்துவைத்திருக்கிறது. கரீபியன் தீவுகளில் கற்பூரவள்ளியை ஆரிகானோவாகவே பாவித்து இறைச்சிக்கும் பீன்ஸுக்கும் போடுகிறார்கள். நாம் அதைக் கஷாயத்துக்கும், எப்போதாவது மழைக்கு ஒரு பஜ்ஜிக்கும் ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

ஷார்ஜாவில் வேலை பார்த்த என் தம்பி இதைக் கேட்டதும் மனாகீஷ் பற்றிச் சொன்னான். வளைகுடாவில் இருந்த யாருக்கும் அது தெரிந்திருக்கும். லெபனான்காரர்களின் ரொட்டி, காலை வேலைக்குப் போகும் வழியில் அடுப்பிலிருந்து சுடச்சுட வாங்கி மடித்துச் சாப்பிடுவது. பாதி சீஸ், பாதி ஸாதர் பொடி என்று கேட்டால் அப்படியே போட்டுத் தருவார்கள். ஸாதரில் எள்ளும், சுமாக் என்ற புளிப்புப் பொடியும் இருந்தாலும் அதன் உயிர் அந்த மலைகளில் விளைகிற ஒரு ஆரிகானோ வகை. 2023-ல் யுனெஸ்கோ மனாகீஷை லெபனானின் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. இத்தாலியில் ஜெனோவா பக்கம் ஃபோகாச்சியா என்ற தட்டை ரொட்டியில் ரோஸ்மேரி இலையோ சேஜ் இலையோ போடுவார்கள். அங்கேயே ரெக்கோ என்ற ஊரில் இரண்டு மெல்லிய மாவுத்தாளுக்கு நடுவில் நாள்படாத புதுச் சீஸை வைத்துச் சுடுகிறார்கள். யாரும் கப்பலில் வந்த பொட்டலத்துக்காகக் காத்திருக்கவில்லை. கதவுக்கு வெளியே என்ன முளைத்ததோ அதைக் கிள்ளி ரொட்டிமேல் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் என் வீட்டுப் பிரெட்டுக்கு உரிய இலை என் துளசி மாடத்தருகே வருஷக்கணக்காகத் தளதளவென்று நின்றுகொண்டிருக்கிறது.

ஒரே துண்டு

கற்பூரவள்ளி போட்ட முதல் பிரெட்டை நான் ஒன்றும் சொல்லாமல்தான் மேஜையில் வைத்தேன். மகள் பள்ளியிலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல், "அம்மா, பிட்சாவா?" என்றாள். பின்னாலேயே வந்த அவள் அப்பா, செருப்பைக் கழற்றியபடி, "என்ன, கஷாயம் ஏதாவது வெச்சியா? வீடெல்லாம் சளி மருந்து வாசம்" என்றார். இருவருக்கும் ஒரே பிரெட்டிலிருந்து, அடுத்தடுத்து வெட்டிய துண்டுகளைக் கொடுத்தேன். அவள் கேட்டு வாங்கி இன்னொன்று தின்றாள். அவர் பாதியை மென்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு நெஞ்சுல துணி கட்டின மாதிரி இருக்கு" என்றார்.

நான் இதைப் பல நாள் யோசித்தேன், இன்னும் யோசிக்கிறேன். என் கணவருக்குக் கற்பூரவள்ளி என்றால் சின்ன வயதில் மூச்சு இழுத்த ராத்திரிகள். அவர் அம்மா இலையைத் தணலில் வாட்டி, சாறு பிழிந்து, தேன் விட்டு, மூக்கைப் பிடித்து ஊற்றியிருக்கிறார். என் மகளுக்கு அந்த ராத்திரிகள் இல்லை. அவளுக்குச் சளி என்றால் இனிப்பான சிரப். அந்த மணம் அவளிடம் வந்து சேர்ந்தது பிறந்தநாள் விருந்துகளிலும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளிலும், சீஸோடு, சிரிப்போடு. மூக்குக்குள் போவது ஒரே கார்வக்ரால்தான். எந்த நாளில் முதலில் வந்தது என்பதைப் பொறுத்து அது விருந்தாகவோ மருந்தாகவோ உட்கார்ந்துவிடுகிறது. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. பிரெட்டுக்கும் நாம் செய்தது இதையேதான். காய்ச்சல் நாட்களில் மட்டும் கொடுத்து, காய்ச்சலின் ருசியை அதற்கு ஏற்றிவிட்டோம். என் பிரெட்டில் சேர்ந்தவை இரண்டுமே நோயாளியின் அறையிலிருந்து வந்தவை. அவற்றை அந்த அறையிலிருந்து வெளியே கூட்டிவர முடியும் என்று நான் நம்புகிறேன். மகளின் மூக்கு அதற்குச் சாட்சி. ஒரு தலைமுறை போதும். ஆனால் பழைய மூக்குகளிடம் "உனக்குத் தெரியவில்லை" என்று வாதாடுவதில் எனக்கு விருப்பமில்லை. அவர் சொன்னது பொய்யில்லை, அந்த மருந்து நெடி பிரெட்டில் இருந்தது. அதைக் குறைப்பது சமையல்காரியின் வேலை.

இலையைப் பக்குவப்படுத்துவது

பச்சை இலையை அப்படியே நறுக்கி மாவில் போட்டால் இரண்டு சிக்கல். ஒன்று, அதன் தண்ணீர். சதைப்பற்றான இலை, மாவுக்குள் வெந்து ஈரத்தை விட்டு, சுற்றிலும் பிசுபிசுப்பாக ஒரு பச்சை வட்டம் விழும். இரண்டு, அதன் வீரியம். கார்வக்ராலும் தைமாலும் கிருமிகளை அடக்கக்கூடியவை. சளிக்குக் கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஈஸ்ட்டும் ஒரு நுண்ணுயிர்தானே. இலையை அதிகமாக, ஆரம்பத்திலேயே மாவோடு கலந்தால் மாவு எழும்ப மலைக்கும். பச்சைப் பூண்டும் இதையே செய்யும்.

இரண்டுக்கும் தீர்வு கொழுப்பு. இந்த மணப்பொருள்கள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயிலும் வெண்ணெயிலும் கரையும். அரைக் கிலோ மாவுக்கு எட்டு, பத்து இலை. நடு நரம்பை எடுத்துவிட்டுப் பொடியாக நறுக்கி, சுத்தமான துணியில் வைத்து ஒரு பிழி. சாற்றை வீணாக்காமல் மோரில் விட்டுக்கொள்வது பெரியம்மாவின் யோசனை. சின்ன வாணலியில் இரண்டு ஸ்பூன் வெண்ணெய் உருகியதும் நாலு பல் பூண்டைத் தட்டிப் போட்டு, பச்சை வாசம் போனதும் இலையைச் சேர்த்து, சலசலப்பு அடங்கும்வரை சின்னத் தீயில் வதக்க வேண்டும். சலசலப்பு அடங்கினால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். இறக்கும்போது கொரகொரவென்று பொடித்த மிளகு. முக்கால் ஸ்பூன் ஓமத்தைக் கையில் தேய்த்து ஊதிவிட்டு அதில் போட்டால் இன்னும் நல்லது. கருகக் கூடாது, கருகினால் கசப்பு எல்லாவற்றையும் தின்றுவிடும். இந்தக் கலவை முழுக்க ஆறிய பிறகுதான் மாவுக்குள் போக வேண்டும்.

ராத்திரி ஃபிரிட்ஜில் இருந்த மாவை வெளியே எடுத்து, மேடையில் செவ்வகமாக விரித்து, இலை வெண்ணெயைத் தடவி, சீஸ் சதுரங்களைப் பரப்பி, பாய் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டி, டின்னில் மடிப்பு கீழே இருக்கும்படி வைக்கிறேன். மாவில் உப்பு 8 கிராம் மட்டும். வழக்கமாக அரைக் கிலோவுக்கு 10 கிராம் போடுவது, சீஸில் இருக்கிற உப்பை நினைத்துக் குறைத்துக்கொள்கிறேன். தண்ணீர் 320 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 கிராம். டின்னில் ஒன்றரை மணி நேரம் போல எழும்பி விளிம்பைத் தொட்டதும் 200 டிகிரியில் ஓ.டி.ஜி. என்கிற சின்ன மின்சார அவனுக்குள். நம் சின்ன ஓ.டி.ஜி.க்களில் மேல் கம்பி பிரெட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பதால் இருபது நிமிடத்தில் சீஸ் சிவந்துவிடும்; அப்போது அலுமினியத் தாளால் தளர்வாக மூடி இன்னும் இருபது நிமிடம். பிரெட்டின் நடுவில் 95 டிகிரி வந்திருந்தால் வெந்துவிட்டது. உள்ளே சூடு 100-ஐத் தொடுவதே இல்லை என்பதால் உள்ளிருக்கும் இலை கருகாது, அதன் மணம் சீஸின் கொழுப்பிலேயே தங்கிவிடும். ஆறாமல் வெட்டினால் உள்ளே மாவாக அப்பும். ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும், எங்கள் வீட்டில் கடினமான கட்டம் இதுதான்.

வெண்ணெயில் வதக்கிய பிறகு அந்த மருந்து நெடி பின்னால் போய், பூண்டும் மிளகும் பழைய செடாரும் முன்னால் வந்தன. கணவர் இப்போது "கஷாயம்" என்று சொல்வதில்லை. "கற்பூரவள்ளி இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு எடுத்துக்கொள்கிறார். மறுநாள் மிஞ்சிய துண்டுகளைத் தோசைக்கல்லில் நெய் தடவிப் போட்டால், முதல் நாளைவிட நன்றாக இருக்கிறது என்பது அவர் கட்சி. தொட்டுக்கொள்ள என்ன என்று யாரும் கேட்பதில்லை. ஒரு டம்ளர் சூடான தக்காளி ரசம் பக்கத்தில் இருந்தால் நான் இரவு சமைப்பதே இல்லை.

பெரியம்மா நல்ல காய்ச்சலில் கூடப் பாக்கெட் பிரெட்டைத் தொட மாட்டார், "பஞ்சைத் தின்னமாதிரி இருக்கு" என்பார். இந்தப் பிரெட்டின் ஓரத்துண்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறார், முறுகலுக்காக. அடுத்த தடவை கைப்பிடி சின்ன வெங்காயத்தையும் வதக்கிப் போடு, ஒரு பச்சை மிளகாயையும் கீறிப் போடு என்பது அவருடைய உத்தரவு. மிளகாய் சரி. சின்ன வெங்காயத்தின் இனிப்பு இந்த உப்புக்கு நடுவில் எப்படி உட்காரும் என்று எனக்குத் தயக்கம் இருக்கிறது. மாவு ஃபிரிட்ஜில் ஏறிவிட்டது, வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார்.